தொண்டை தெளிந்த பிறகு

என் குரல் பல வருடமாகக் கரகரவென்றுதான் இருந்தது. ஒக்கூர் அங்கன்வாடியில் பிள்ளைகளை அதட்டி அதட்டிக் கெட்டுப்போன தொண்டை. சில நாள் பொழுது சாய்ந்தால் சுத்தமாக அடைத்துவிடும். அப்பாவுக்குக் கண் தெரியாது. நினைவும் தடுமாறத் தொடங்கியிருந்தது. "ஆத்தா, இருக்கியா?" என்று கேட்பார். எனக்குச் சத்தம் வராது. நான் போய்த் தொடுவதற்குள் பயந்து அழுதுவிடுவார். அதற்காகத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

மதுரையில் டாக்டரம்மா கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல சின்னச் சதை வளர்ந்திருக்கு. வாய் வழியாவே எடுத்துரலாம், வெளியே தையல் இருக்காது. ஆனா ஒரு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது."

"நான் பேசுறதே குறைச்சல்தாம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

எடுத்த சதையில் கெடுதல் இல்லை என்று முடிவு வந்தது. பேசாத வாரம் கழிந்ததும், காரைக்குடியில் தம்பி வீட்டில் விட்டிருந்த அப்பாவை அழைத்து வரப் போனேன். வாசலில் நின்று "அப்பா" என்றேன். வேறு யாரோ கூப்பிட்டது போல எனக்கே கூச்சமாக இருந்தது.

"மதினி, ஒங்க கொரலா இது! இத்தன நாளா எங்குட்டு ஒளிச்சு வச்சிருந்தீக?" என்றாள் தம்பி மனைவி.

அப்பா முகத்தைத் திருப்பினார். "வாங்க. யாரு வந்திருக்கீக?"

"நான்தாம்ப்பா, ஒங்க மக."

"எம் மக கொரலு எனக்குத் தெரியாதா? கீறுன மூங்கிலு மாதிரி இருக்கும். நீங்க நல்லாப் பேசுறீக."

அவர் கையைப் பிடித்தேன். அடுத்த வீட்டுப் பெண்ணிடமிருந்து விலக்கிக்கொள்வது போல மெல்ல உருவிக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். சோறு பிசைந்து ஊட்டினால், "ஒங்களுக்குச் செரமம்" என்பார். மகள் எங்கே என்று கேட்டு, அவரே அவளைப் பற்றிச் சொல்லவும் ஆரம்பிப்பார்.

"ஆம்பளக் கொரலுன்னு ஊரே கேலி பண்ணும். அதான் யாருகிட்டயும் பேச மாட்டா. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம். அவகிட்டச் சொன்னதில்ல."

ஒருநாள் தொண்டையை இறுக்கிப் பழையபடி பேசிப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

"தண்ணி குடிங்க" என்றார் கரிசனமாக. சற்றுப் பொறுத்து, "ஒரு ஒத்தாச செய்வீகளா? மதுரைக்குப் போன் போட்டு அவள வரச் சொல்லுங்க. நான் அவசரப்படுத்துனேன்னு சொல்லாதீக" என்றார்.

"சரி, சொல்றேன்" என்றேன். என்னைப் பெற்றவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். அதுவரை தினமும், மகள் கிளம்பிவிட்டாளா என்று என்னிடம்தான் கேட்டார்.