கஞ்சக்காவின் கார்

பெட்ரோல் விலை ஏறியதில் ஊரே வயிறெரிந்துகொண்டிருந்தபோது, உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் அந்த அக்காதான். புருஷன் போய் ஆறு வருஷம். வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவி மட்டும். விலை ஏறியதும் அதே ஆஸ்பத்திரி நர்ஸும், ஃபார்மசியில் வேலை பார்க்கும் பையனும் தங்கள் வண்டிகளை வீட்டில் போட்டுவிட்டு, பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்து அவள் காரில் வர ஆரம்பித்தார்கள்.

காரில் அவள் வைத்ததுதான் சட்டம். ஏசி கிடையாது. வாராவாரம் டயரில் காற்று பார்த்தாக வேண்டும். எங்கே நின்றாலும் அடுத்த நொடியே எஞ்சினை அணைத்துவிடுவாள்.

“கஞ்சக்கா, மேட்டுல நாங்க இறங்கித் தள்ளட்டுமா?” என்பாள் நர்ஸ்.

“நீ எதுக்கு இறங்கணும்? வாயாலயே தள்ளிடுவியே.”

அந்த இருபது நிமிஷப் பயணத்தின் சிரிப்பை வைத்துத்தான் அக்கா மீதி நாளை ஓட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விலை இறங்கியது.

“இனிமே நாங்க எங்க வண்டியிலயே வந்துக்கறோம்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றான் ஃபார்மசிப் பையன்.

“ஆமாப்பா, எனக்கும் சுத்து வழிதான்” என்று முந்திக்கொண்டு சொன்னாள்.

திங்கட்கிழமை காலை, அவர்கள் வழக்கமாக ஏறும் தெருமுனையில் காரை நிறுத்தினாள். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சினை அணைக்கவில்லை.