வியாழக்கிழமை அடித்த காற்று

சனிக்கிழமை காலை தொட்டித் தண்ணீரில் ஒரு டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். சுகாதார நிலையத்துக் கம்பவுண்டர் கடை வாசலில் வந்து நின்றார். வந்ததும் ஏதாவது கேலி பேசுகிற மனிதர். அன்று, "நர்சம்மா தவறிப்போயிட்டாங்க" என்றார். விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா என்று அதட்டினேன். "இல்லீங்க, விடியக்காத்தால நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். அதன் பிறகு அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை.

நாளை சுகாதார நிலையத்து இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நாலு வரி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். தாராபுரத்தில் இருபது வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். எழுத்தெல்லாம் எனக்கு வராது. ஆனாலும் நர்சம்மாவைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருக்கிறது. சுமந்து சுமந்து அலுத்துப்போய்விட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரகதம் அம்மா கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமைகளில் ஐஸ் பெட்டியில் தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கடைசி ஊர் கள்ளிவலசு, எட்டு மைல். பஸ் கிடையாது. ஆடு மாடு மேயும் கொறங்காட்டு வழியாக ஒரு மணல் தடம். இரண்டு பக்கமும் வெள்வேல மரம், தடமெல்லாம் முள். சாதா சைக்கிள் மணலில் புதைந்துவிடும். அதனால் கோயமுத்தூரில் இருந்த அவருடைய தம்பி, தன் மகள் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த மவுண்டன் சைக்கிளைக் கொடுத்தனுப்பினார். பட்டை டயர், நடுக்கம்பி இல்லாத மாடல். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் வந்து என் கடை முன்னால் இறங்கியபோது டீக்கடைப் பக்கம் ஒரே சிரிப்பு.

"சிரிக்கட்டும்ங்ணா. மணல்ல தள்ளீட்டுப் போறது நானுங்களே, அவுங்களா?" என்றார். "உள்ள ரெண்டு டியூப்பும் இத்துப்போச்சு. நல்ல கெட்டி டியூபாப் பாத்துப் போட்டுக் குடுங்க. ஐஸு கரையறதுக்குள்ள போய்ச் சேரோணும்."

பட்டை டயருக்கான டியூப் அப்போது எங்கள் ஊருக்கு வரவில்லை. அந்த மாதிரி சைக்கிள் வந்தால், சாதா ஒல்லி டியூபையே உள்ளே திணித்து, டயர் நிரம்பும் வரை காற்றடித்து அனுப்பிவிடுவோம். எல்லாக் கடையிலும் அதே கூத்துதான். ரப்பர்தானே, விரிந்துவிட்டுப் போகிறது என்று நினைப்பு. விரியும்தான், ஆனால் விரிய விரிய மெலியும். அது தெரிந்தேதான் போட்டேன். "கெட்டிதானுங்களே?" என்று மறுபடியும் கேட்டார். "இரும்புங்க நர்சம்மா" என்றேன். வாய் கூசவில்லை.

மூன்றாவது மாதம், சித்திரை வெயிலில், பாதி வழியில் முன் டயர் படீரென்று வெடித்தது. ஐஸ் பெட்டியின் மூடி வேறு சரியாக மூடாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் நடந்து கள்ளிவலசு போய்ச் சேர்ந்தபோது ஐஸ் கரைந்து தண்ணீர் சுட்டிருக்கிறது. வேப்பமரத்தடியில் காத்திருந்த தாய்மார்களிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மருந்தைப் போடாமலே திரும்பிவிட்டார். அடுத்த முறை போவதற்குள் அந்த ஊரில் மணல்வாரி அம்மை வந்துவிட்டது. செல்வி என்ற பத்து மாதப் பிள்ளைக்குக் காதில் சீழ் வைத்தது. உயிர் பிழைத்தது, இடது காது கேட்காது என்பது பின்னால்தான் தெரிந்தது.

டயர் வெடித்த மறுநாள் அந்த டியூபை வெளியே எடுத்துப் பார்த்தேன். முள் குத்தினால் ஊசித் துளைதான் இருக்கும். காற்று மெல்ல இறங்கும். அடித்து அடித்தாவது ஊர் போய்ச் சேரலாம். இது ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சட்டென்று சுருட்டிக்கொண்டேன்.

"முள்ளுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"முள்ளு குத்துனா நீங்க என்னங்ணா பண்ணுவீங்க, பாவம்" என்றார்.

மேலிடத்தில் விளக்கம் கேட்டதற்குக்கூட, 'நான் தாமதமாகக் கிளம்பியது தவறு' என்று எழுதிக் கொடுத்தாராம். அதிலிருந்து புதன்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். உடம்பு கேட்கவில்லை என்றாலும் கிளம்பினார். என் பொய்யையும் சேர்த்து அவர் மிதித்தார்.

டயர் வெடித்த அந்த வாரமே கடையைப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூர் போய், கடை கடையாக ஏறி, பட்டை டயருக்கென்றே வந்த டியூப் வாங்கி வந்தேன். "புதுசா வந்திருக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதன் பிறகு டியூப் பார்ப்பதில் நர்சம்மா என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். டயரில் உள்ள நம்பரும் டியூப் நம்பரும் ஒன்றா என்று வாசிப்பார். விரலால் கிள்ளி, எல்லா இடமும் ஒரே கனம்தானா என்று பார்ப்பார். வால்வு டியூபோடு ஒட்டியிருக்கும் இடத்தை மடக்கிப் பார்ப்பார். கடைசியில் லேசாகக் காற்றடித்து, சாக்பீசில் 'மரகதம்' என்று எழுதி, என் கடை ஆணியில் இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். சுருங்கினால் வேறு. புதிதாக யார் சைக்கிள் வாங்கினாலும், "இந்த அண்ணங்கிட்டப் போங்க, ஏமாத்த மாட்டாருங்க" என்று அனுப்பிவைப்பார். அவர்கள் வந்து அப்படியே சொல்லும்போது நான் தலை நிமிரமாட்டேன்.

எத்தனையோ முறை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருப்பேன். வெயிலில் வந்து இறங்கி, "ஒரு சொம்பு தண்ணி குடுங்ணா, அசந்துபோச்சு" என்பார். தண்ணீரைக் கொடுப்பேன். சொல்லமாட்டேன்.

போன வியாழக்கிழமை வந்து ஒரு டியூபைத் தேர்ந்தெடுத்து, அவரே காற்றடித்து, பெயர் எழுதி ஆணியில் மாட்டினார். வழக்கத்துக்கு மாறாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங்ணா, நம்ம செல்வியை ஒண்ணாப்புல சேத்தீட்டாங்க. வலது காது வாத்தியார் பக்கம் இருக்கற மாதிரி உக்கார வெய்யுங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லீட்டு வாரேன்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்லதுங்க" என்றேன். "சனிக்கெழமை வந்து எடுத்துக்கறேன், காத்து நிக்குதான்னு பாத்து வெய்யுங்க" என்று எழுந்து போனார்.

நேற்று அவருடைய வீட்டுக்காரர் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "புதங்கெழமைக்கு வேற நர்சு வாராங்களாமா. இதையே அவுங்களுக்குக் குடுத்துரலாம்ங்க. டியூப் மாத்தோணும்னு சொல்லீட்டிருந்தா" என்று நிறுத்திவிட்டுப் போனார்.

நாளைக் கூட்டத்துக்குச் செல்வியின் அப்பாவும் வருவார். வரட்டும். அவர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு முள் குத்தவில்லைங்க. நர்சம்மா தாமதமாகவும் கிளம்பவில்லை. நான்தான்.

டியூப் இன்னும் ஆணியில் தொங்குகிறது. இப்போதுகூட அமுக்கிப் பார்த்தேன். வியாழக்கிழமை அடித்த காற்று அப்படியே நிற்கிறது. டயருக்குள் போட வேண்டும் என்றால் முதலில் அந்தக் காற்றைத் திறந்துவிட வேண்டும். நேற்றிலிருந்து வால்வில் கை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன். நாளை இதை வாசித்து முடித்ததும் நேராகக் கடைக்குப் போய்த் திறந்துவிடுவேன். புதன்கிழமை மருந்து கள்ளிவலசு போய்ச் சேர வேண்டும்.

போயிட்டு வாங்க நர்சம்மா. இது சரியான டியூபுங்க.