ஏழு சிவப்புக் கற்களும் ஒரு கையெழுத்தும்

ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். மர நாற்காலிக்கு பாலிஷ் போடுகிறவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நிலவியலில் எம்.எஸ்ஸி. படித்த எனக்கு மட்டும் அன்று உறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஓர் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவர் எங்கள் மேடம். வீட்டில் வாய் கிழியப் பேசுகிற நான் அவர் முன்னால் பெட்டிப்பாம்பு.

அகழாய்வில் கிடைத்த பழைய தங்கக் காதுத் தோடு ஒன்று அப்போது எங்களிடம் வந்துகொண்டிருந்தது. அதில் ஏழு சிவப்புக் கற்கள். அவை எந்த ஊர் மண்ணில் பிறந்தவை என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லுக்குள் ஊசி ஊசியாய் ஓடும் கோடுகளும் கல்லின் அடர்த்தியும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தோட்டிலிருந்து கல்லைக் கழற்றக் கூடாது என்பது கண்டிப்பு. கழற்றாமல் அடர்த்தி பார்க்க முடியாது. இரண்டு மாதமாக மைக்ரோஸ்கோப்பில் மங்கலாகப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

அருங்காட்சியகத்தின் கடைநிலை ஊழியர் ஒருவர் காலையில் அதைப் பஞ்சு வைத்த டிபன் டப்பாவில் சைக்கிளில் கொண்டுவருவார். நாலு மணிக்குத் திரும்ப எடுத்துப்போவார். தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர். என்னிடம் தமிழ் பேசக் கிடைத்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அன்று கல்லின் மேல் அழுக்குப் படலம். என் அம்மா நர்ஸ். எங்கள் வீட்டில் சீப்பு முதல் சாமி விளக்கு வரை ஸ்பிரிட்டில்தான் துடைப்போம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றித் தோட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கிண்ணம் டீ நிறத்தில் இருந்தது. அடியில் ஏழு கற்கள். தங்கத்தில் ஏழு குழிகள். கற்களை அரக்கில் பதித்திருந்தார்கள்.

ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அழுதுகொண்டே போய் மேடத்திடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்து, "முதலில் எடை போடு" என்றார். காற்றில் ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை எடை பார்த்தோம். முன்னும் பின்னும் திருப்பி மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். ஆறு கற்கள், மேடம் சேர்த்து வைத்திருந்த கரூர்ப் பக்கத்து மாதிரிகளோடு ஒத்துப்போயின. ஏழாவதில் குமிழிகள், அது வெறும் கண்ணாடி. இரண்டு மாதத்தில் கிடைக்காதது இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. பொய் சொல்வானேன், அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேடம் எல்லாவற்றையும் பஞ்சில் பொதிந்தார். திருப்பிக் கொடுக்கும் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினார்: கொண்டுவரப்பட்டபோதே கற்கள் கழன்றிருந்தன. பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் உனக்கு நீட்டிக்க வேண்டும், இல்லையா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

நாலு மணிக்கு அருங்காட்சியக ஊழியர் வந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னுங்க அம்மணி எழுதியிருக்குது?"

"திருப்பி வாங்கிக்கிட்டதா எழுதியிருக்குங்கண்ணா. போடுங்க."

எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வேலை நீடித்தது. அருங்காட்சியகத்தில் அவரிடமிருந்து பொருள் கொண்டுபோகும் வேலையைப் பிடுங்கி வெயிலில் வாசல் கேட்டுக்குப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

"வாங்க அம்மணி. அந்தக் கல்லு எந்த ஊருதுன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்கண்ணா."

"தப்பு எம்மேலதானுங்க" என்றார். "அன்னைக்கு ரயில்வே கேட்டுக்கிட்ட சைக்கிள் குழியில எறங்கிருச்சு. டப்பா ஆடுச்சு. அப்பவே நெனச்சனுங்க."

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "வரேங்கண்ணா" என்றேன்.