அவிழ்ப்புக்கு வைத்திருந்த வேட்டு

அன்னவாசல் பக்கத்தில் நிலக்கடலை போடுகிற சம்சாரி கண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் ஒரு வேலைக்கு யோசித்தால், "நான் பாத்துக்கிறேன்" என்று முதல் ஆளாக எழுந்துவிடுவான். அப்புறம் வீட்டில் மனைவி செவந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அந்த வாய்தான் கடைசியில் ஒரு மனுஷனின் காதைத் தின்றது.

அவர்கள் ஊர் அய்யனாருக்குக் காப்புக் கட்டும்போது ஒரு வேட்டு, அவிழ்க்கும்போது ஒரு வேட்டு. இரண்டும் கண்ணன் வீட்டுத் துப்பாக்கியில்தான். ராஜா காலத்துச் சாமான். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். முதல் வேட்டுப் போட்ட கையோடு இரண்டாவதையும் கெட்டித்து மாட்டிவிடுவார்கள். காப்பு இருக்கிற நாளில் சாமி துப்பாக்கி வெறுங்குழலாகத் தொங்கக் கூடாது என்பது வழக்கம். அப்படிக் கெட்டித்து மாட்டிய ஒரு வருஷம், கையில் காப்போடு, திருவிழா நடுவிலேயே கண்ணனின் அப்பா போய்ச் சேர்ந்தார். திருவிழா நின்றது. பிறகு பங்காளிச் சண்டை, கோர்ட்டு என்று பல வருஷம் அய்யனார் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

இந்த வருஷம்தான் ஊர் கூடியது. துப்பாக்கியா, நான் பாத்துக்கிறேன் என்றான் கண்ணன். இறக்கிப் பார்த்தால் குழலெல்லாம் துரு, கட்டையில் கரையான். லைசென்சு ஒழுங்காக இருந்தது. பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. புதுக்கோட்டையில் விசாரித்தான், திருச்சிக்குப் பஸ் ஏறினான். "செவத்துல மாட்டி அழகு பாருங்க சார்" என்று சிரித்தார்கள். கடைசியில் யாரோ சொல்லி, திருக்கோகர்ணத்தில் லேத் பட்டறை வைத்திருந்த கார்முகிலிடம் வந்து சேர்ந்தான். துப்பாக்கி அவனுக்குப் புதுசு. ஆனால் இரும்பு அவன் கையில் சொன்னபடி கேட்கும்.

"அண்ணே, உள்ள மருந்து கிருந்து இல்லையே? சூடு காட்டித்தான் பின்மூடியக் கழட்டணும்" என்று கார்முகில் கேட்டான்.

அப்பாவின் காப்புக் கட்டிய கையும், இரண்டாவது வேட்டுக்கு அதில் தான் நாரை எடுத்துக் கொடுத்ததும் கண்ணனின் கண்ணில் வந்துதான் போயின. சொன்னால் இவன் தொட மாட்டான். திருவிழா நெருங்கிவிட்டது. ஊரில் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

"அட ஏந்தம்பி, இத்தன வருஷமா சும்மா தொங்குது. உள்ள என்ன இருக்கப்போகுது?" என்றுவிட்டான்.

அந்தப் பாழாய்ப்போன மருந்து கெடவேயில்லை. சூடு ஏறியதும் வெடித்து, பின்மூடி பிய்த்துக்கொண்டு கார்முகிலின் இடது காதோரம் பறந்தது. உயிர் தப்பியது, காது போனது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் கார்முகில் "கேஸ் வெடிச்சிருச்சு" என்றான். கண்ணன் பேரை இழுக்கவேயில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கண்ணனுக்குக் கரையானாக அரித்தது. கடலை, முருங்கை, வாழைத்தார் என்று வாரந்தவறாமல் சுமந்து போனான். "கூடப் பொறந்தவுககூட இப்பிடிப் பாக்க மாட்டாக" என்று கார்முகிலின் மனைவி சொர்ணம் அக்கம்பக்கத்தில் சொல்லச் சொல்ல, இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரோ கடையில் வாங்கிய அதிர்வெடியைப் போட்டுத் திருவிழாவை முடித்துக்கொண்டது. துப்பாக்கி எங்கே என்று ஒரு பயல் கேட்கவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் போனபோது கார்முகில் பட்டறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண்ணனைக் கண்டதும் அவன் கண் கலங்கியது.

"ஒங்க அப்பா தொட்ட சாமான்ணே. நம்பிக் குடுத்தீங்க, பாழாக்கிட்டேன். இன்னுங் கொஞ்சம் நிதானமாச் சூடு காட்டியிருக்கணும். என்னய மன்னிச்சிருங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூடக் கண்ணன் தாங்கியிருப்பான். கார்முகிலின் இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தான். தெருவைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், "உள்ள மருந்து இருந்துச்சு தம்பி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இல்லைன்னேன்" என்றான்.

கார்முகில் டவுன் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணனுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரிகூட இருந்தது.

பின்னால் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சொர்ணம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அந்தக் காதுல சொன்னா அவுகளுக்குக் கேக்காது" என்றாள். இத்தனை நாள் வாய் நிறையச் சொன்ன 'அண்ணே' அதில் இல்லை. "எந்திரிச்சு இங்கிட்டு வந்து உக்காந்து சொல்லுங்க."