முன்சக்கரத்து மோட்டார்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுகிறேன்.

சேரன்மகாதேவியில் பழைய கியர் சைக்கிள் வாங்கி விற்கிறேன். கொரோனா நேரத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் ஆளாளுக்கு கியர் சைக்கிள் வாங்கினார்கள். ஆறு மாதம் ஓட்டினார்கள். பிறகு மொட்டைமாடியில் போட்டுவிட்டார்கள். வெயிலில் டயர் வெடித்து, செயின் துருவேறி, சீட்டில் காக்கா எச்சத்தோடு கிடக்கும். அதைக் கொண்டுவந்து சரிபண்ணுவேன். பிரேம் நன்றாக இருந்தால் போதும். மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழு பேர் ஓட்டப் போவோம். கால்வாய்க் கரையோடு போய்ப் பொத்தையில் ஏறுவோம். பொத்தை என்றால் சின்னப் பாறைக்குன்று. ஆடு போகிற தடம் ஒன்று உண்டு. சரளையும் உடைமுள்ளும்தான். ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஓடையைத் தாண்டித் திரும்பக் கால்வாய்க்கு வந்துவிடலாம்.

கூட்டத்துக்கு மூத்தவர் அரிசிக்கடை அண்ணாச்சி. ஐம்பத்தைந்து வயது. கால் இரண்டும் உலக்கை. அவர் வைத்த வழக்கம் ஒன்று இருந்தது. ஏற்றத்தில் எவன் காலை ஊன்றுகிறானோ அவன் கீழே வந்ததும் மற்றவர்களுக்கு டீ எடுத்துக் கொடுக்க வேண்டும். குடித்த கிளாசையும் அவனே பொறுக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். விளையாட்டுக்குத்தான்.

என் கூட்டாளி பள்ளிக்கூட வேன் ஓட்டினான். சின்ன வயதில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் சைக்கிள் நான் கொடுத்தது. கொரோனாவில் அவன் நுரையீரல் கெட்டது. பிழைத்துவிட்டான். பழைய மூச்சு மட்டும் வரவில்லை. பாதி ஏற்றத்தில் காலை ஊன்றிவிடுவான். வாராவாரம் டீ எடுத்தவன் அவன்தான்.

"மாப்பிள்ளை டீ கொண்டு வாராரு. எல்லாரும் மரியாதையா எந்திரிங்கவே" என்பார் அண்ணாச்சி.

அவனும் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும்.

ஒரு வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு இஞ்சினியர் பேட்டரி சைக்கிளில் வந்தார். எங்களையெல்லாம் தாண்டி மேலே போய் நின்றார். ஆளுக்கு வேர்க்கவே இல்லை. அண்ணாச்சி அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது சைக்கிளாவே, கிரைண்டரா?"

"சைக்கிள்தான் அண்ணாச்சி. நாமளும் மிதிக்கணும். மோட்டார் ஒத்தாசைக்குத்தான்."

"ஒத்தாசை வேணும்னா மினிபஸ்ஸுல வாரதுதான?"

நான் சொன்னேன், "விடுங்க அண்ணாச்சி. போகும்போது நமக்கு நாலு படி மாவு ஆட்டிக் கொடுத்துட்டுப் போவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்தில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு என் பேச்சுக்குத்தான் அதிகச் சிரிப்பு. அந்த இஞ்சினியர் மறுவாரம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூட்டாளி கடைக்கு வந்தான். வந்து டயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் வண்டிக்கு ஒரு மோட்டார் வச்சுத் தாலே."

"எதுக்கு?"

"முடியல. ஞாயித்துக்கிழமையும் போச்சுன்னா அந்த வேனும் வீடும்தான்."

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வைப்போம்."

"சொன்னா நான் அங்கன வரல. தெரியாம வை."

முன்சக்கரத்தின் நடுவில் வைக்கிற மோட்டார் ஒன்று வரவழைத்தேன். கைக்கு அடக்கமான கறுப்பு மோட்டார். ஏற்கெனவே முன்னால் லைட் இருந்ததால், அதற்கு டைனமோ என்று சொல்லிக்கொள்ளலாம். பேட்டரியைப் பிரேம் பைக்குள் வைத்தோம். சார்ஜ் என் கடையில். அவன் பெண்டாட்டிக்கும் தெரியாது. தெரிந்தால் சைக்கிளையே தொடவிட மாட்டாள் என்றான்.

மோட்டாரின் அச்சு கொஞ்சம் தடிமன். முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கின் வாயில் இறங்கவில்லை. அரத்தால் ராவி இறக்கினேன். அந்த மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடிக்க ஒரு இரும்புப் பட்டை உண்டு. ஒரு முனை அச்சில், மறுமுனை போர்க்குக் காலில் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். இறுக்கிக் கொடுத்தேன்.

மோட்டார் லேசாக முனகும். அது கேட்காமல் இருக்க நான் கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே ஓட்டினேன். நாங்கள் இருவரும் எப்போதும் கடைசி. ஆனால் அவன் காலை ஊன்றவில்லை. முதல் வாரம் மேலே வந்து நின்று பெருமூச்சு விட்டான். இருமல் இல்லாத மூச்சு. அன்று டீ எடுத்தவன் அண்ணாச்சியின் மச்சினன்.

மூன்றாவது வாரம் அண்ணாச்சி குனிந்து அவன் முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"என்னவே இது, கால்ல பட்டை? எலும்பு முறிஞ்சவனுக்குக் கட்டுன மாதிரி."

"விரிசல் அண்ணாச்சி" என்றான்.

"பழைய வண்டியை உம்ம தலையில கட்டிட்டானா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று சாயந்திரம் அவன் கடைக்கு வந்துவிட்டான். "அந்தப் பட்டையைக் கழட்டிரு. இன்னொரு தடவை குனிஞ்சு பார்த்தாருன்னா கண்டுபிடிச்சிருவாரு."

"அது இல்லாம ஓட்டக் கூடாதுலே."

"நட்டை நல்லா முறுக்கி விடு. நான் பைய ஓட்டுதேன்."

எனக்குத் தெரியும். போர்க்கு அலுமினியம், பட்டை இல்லாமல் அச்சு திரும்பினால் வாய் பிளந்துவிடும். வாயை ராவியவனும் நான்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். கழற்றினேன். நீள ஸ்பானர் போட்டு நட்டை முறுக்கிவிட்டேன்.

ஐந்து வாரம் ஓடியது.

ஆறாவது வாரம் பொத்தையின் அந்தப் பக்கம் இறங்கினோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவனுக்குப் பத்தடி பின்னால் நான். ஓடையில் இறங்கி, கால்வாய்க் கரைமேட்டில் ஏறுவதற்கு அவன் மோட்டார் சுவிட்சை அழுத்தினான். முனகல் கேட்டது. டக்கென்று ஒரு சத்தம். முன்சக்கரம் தனியாக வந்தது. போர்க்கு தரையில் குத்தியது. அவன் வண்டிக்கு மேலாகப் போய்ப் பாறையில் விழுந்தான். ஹெல்மெட் இருந்தது. கழுத்து மடங்கியது.

ஓடிப்போய்க் குனிந்தேன். கண் திறந்திருந்தது.

"மோட்டாரை எடுத்துரு" என்றான். "அவனுக வாரதுக்குள்ள."

செய்தேன். கட்டிங் பிளையரால் வயரை அறுத்தேன். சக்கரத்தைக் கால்வாயில் எறிந்தேன். கழன்று உருண்டு விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஹேண்டில்பாரில் இருந்த சுவிட்சைப் பிடுங்கினேன். பேட்டரியை என் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான், "லே, கால் எங்க இருக்குன்னு தெரியல."

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் முடிந்துவிட்டது.

அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் வைத்தார். சைக்கிளில் அவன் நிற்கிற படம். ‘கடைசி வரை சொந்தக் கால்பலத்தில் மலை ஏறியவர்’ என்று கீழே பெரிய எழுத்து. அதைக் கடந்துதான் நான் கடைக்குப் போக வேண்டும். தினமும் அப்படியே போனேன். பழைய சைக்கிளைக் கொடுத்துக் கொன்றுவிட்டான் என்று ஊரில் பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். அவன் பெண்டாட்டி உள்ளறையில் இருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"வண்டி பழசு, சக்கரம் கழண்டுக்கிட்டுன்னு சொல்லுதாக. நெசமா அண்ணே?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரை, பட்டையை, கால்வாயில் எறிந்ததை, போன் பண்ணப் பிந்தியதை. முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"அப்ப அவுகளுக்கு மூச்சு சரியாகலையா?"

"இல்லம்மா."

"இந்த ரெண்டு மாசமும் ஏறி இறங்கி வந்து இருமாம சாப்பிட்டாக. சரியாயிட்டுன்னு நெனச்சேன். அம்மனுக்குப் பொங்கல் வச்சேன். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவதையும் நிறுத்திட்டேன்."

எனக்கு அது தெரியாது.

"வெளிய எல்லாரும் இருக்காகள்ல? அவுகள்ட்டயும் சொல்லுங்க" என்றாள்.

பந்தலில் இலை போட்டிருந்தது. கூட்டத்து ஆட்கள் ஒரே வரிசையில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று இரண்டாம் தடவை சொன்னேன். உள்ளே சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் வந்தது. அண்ணாச்சியின் மச்சினன்தான் கேட்டான், "எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நாங்க என்ன வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

அண்ணாச்சி அவனைப் பார்த்தார். "சொல்லியிருப்போம்" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

நானும் கிளம்பினேன். வாசல்படியில் அவள் வந்து நின்றாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணே. இனிமே வர வேண்டாம்."

உட்கார்ந்தேன். அவள் தம்பி சோறு வைத்தான், குழம்பு ஊற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன்.