புது கர்னல் இறங்கிய வாரம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில், மெஷின் ஓடுகிற வரைக்கும் உங்களை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் உங்கள் போன் நம்பர் ஊருக்கே மனப்பாடம்.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே நின்றவள். ஏன் என்று கேட்காதீர்கள், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். திண்டுக்கல்லில் ஒரு கடையில் இரண்டு வருஷமாக வேலை. கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களை முதலாளி ஆரோக்கியம் அண்ணன் மொத்தமாக வாங்கி, விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டு விற்பார். துடைப்பது நான், போடுவது நான், கோளாறு என்றால் பஸ் ஏறுவதும் நான். மில், காலேஜ் மாதிரி பெரிய இடங்களுக்கு மட்டும் அவருடைய மச்சான் மகன் பிரபு போவான். அவன் இன்ஜினியரிங் முடித்தவன்.

அந்த வாரம் அண்ணன் ஒரு வார்த்தை கொடுத்தார். வேடசந்தூர் மில்லில் நம் மெஷின் பதினான்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ போ, ஒழுங்காக முடித்தால் இனி மாதாமாதம் மில் உன் பொறுப்பு. அதே வாரம்தான் புது கர்னல் இறங்கியது. பட்டனை அமுக்கியதும் முதலில் கண் விழித்து மற்றதையெல்லாம் எழுப்புவது கர்னல். புதுசு வந்திருக்கிறது, போடட்டுமா என்று மெஷினே கேட்கும். எல்லோரும் சரி என்று அமுக்குவார்கள். மறுநாள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பிறகு எனக்குப் போன்.

ஷிப்ட் பட்டன்

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் முத்தையா என்று ஒரு வியாபாரி. யார் மூட்டை எந்த வேனில் போகிறது என்று சீட்டு அடிக்க எங்கள் மெஷின் வைத்திருக்கிறார். திங்கள்கிழமை காலை ஆறரைக்குக் கூப்பிட்டார். ஷிப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே ஆன் பண்ணுங்கள் என்றேன். அப்படி ஒரு பட்டனே இதில் இல்லை என்றார். எங்கள் ஊர் ஆத்தூரிலிருந்து கிளம்பி, செம்பட்டியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், சீட்டு இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று வேன்காரர்கள் நிற்கிறார்கள். மல்லிகை சாக்குக்குள் வெந்துகொண்டிருக்கிறது. மானிட்டர் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பூச்சரம். முதலில் அதை எடுத்துக் கீழே வைத்தேன். அதற்கே அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஷிப்ட்டைப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பழைய கர்னலும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தேன், எழுந்துவிட்டது. இனி அதிலேயே எழும்படி மாற்றியும் வைத்தேன். புதுசு ஏன் எழவில்லை என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். முத்தையா மணியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இம்புட்டுத்தானா பாப்பா? இதப் போன்லயே சொல்லிருந்தா நானே அமுக்கிருப்பேன்ல."

ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும்

செவ்வாய்க்கிழமை டவுனில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். அதனால் எட்டரைக்கே எல்லா வீட்டிலும் மோட்டார் போடுவார்கள், மாவு ஆட்டுவார்கள். எங்களிடம் மெஷின் வாங்கிய ரோஸ்லின் டீச்சர் கூடவே கம்ப்யூட்டரையும் புதுப்பிக்க விட்டிருக்கிறார். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மணி ஒன்பதாகப் போகிறது. கரண்ட் பட்டென்று போனால் மெஷினுக்கு ஆகாது என்று பயந்து, இவரே பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் பரீட்சை. கேள்வித்தாள் உள்ளே. சாயங்காலம் கரண்ட் வந்ததும் போனேன். பழைய கர்னலில் எழுப்பி, பாதியில் நின்றதை முடிக்க வைத்து, கேள்வித்தாளைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். முடிக்கிறபோது இடம் போதவில்லை என்று ஒரு வரி வந்து போனது. அதையும் கவனிக்காமல் விட்டேன். டீச்சர் காப்பி கொடுத்தார், எந்த ஸ்கூல், எதுவரைக்கும் படித்தாய் என்றார். சொன்னேன். பிளக்கைப் பிடுங்கியது யார் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள், டீச்சர் உட்பட. அவர்தான் சொன்னார்:

"அதான பாத்தேன். ப்ளஸ் டூகூட முடிக்காதவ போட்டுக் குடுத்த மெஷின் இம்புட்டு நாள் ஓடுனதே பெருசு."

நானே அழித்தது

இதில் தப்பு என்னுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காதர் பாய், புதன்கிழமை மெஷின் எழவில்லை என்றார். பழைய கர்னலில் எழுப்பிப் பார்த்தேன். இந்தத் தடவை அந்த வரியைப் படித்தேன். கர்னல்களை வைக்க டிஸ்க்கில் தனியாக ஒரு சின்ன அறை உண்டு. அது நிரம்பி வழிகிறது. இரண்டு பழசு உட்கார்ந்திருக்க, புதுசு பாதி உடம்பை வெளியே விட்டு நிற்கிறது.

இடம்தானே பிரச்சினை என்று பழசு இரண்டையும் அழித்தேன். புதுசு முழுதாக உள்ளே வந்ததா என்று பார்க்காமலே ரீஸ்டார்ட் கொடுத்தேன். வரவில்லை. இப்போது திரும்பிப் போக பழசும் இல்லை. வெளியிலிருந்து எழுப்புகிற பென் டிரைவ் கடையில் கிடந்தது, நான் எடுத்து வரவில்லை. பிரபு பைக்கில் கொண்டுவந்து கொடுத்து, சிரித்துவிட்டுப் போனான். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கையில் விண்ணப்பத்தோடு வந்தவர்கள் எல்லோரும் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா ஓடுறத எதுக்கும்மா புதுசாக்குறீங்க? யாரு கேட்டா?"

ஒரே டிஸ்க்

வியாழக்கிழமை கடையில் கிடந்த மூன்று மெஷின்களைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் அதே சின்ன அறை, அதே அளவு. விஷயம் இதுதான்: அண்ணன் எந்தக் காலத்திலோ ஒரு டிஸ்க்கைத் தயார் செய்து வைத்திருக்கிறார். விற்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் அதைத்தான் காப்பி எடுக்கிறோம். அதில் அவர் கர்னலுக்கு ஒதுக்கிய இடத்தில் இரண்டுதான் அடங்கும், மூன்றாவது வந்தால் தெருவில் நிற்கும். காப்பி எடுத்தது முழுக்க என் கைதான். ஆனால் அச்சு அவருடையது.

அண்ணனிடம் சொன்னேன். மில்லில் பதினான்கும் இப்படித்தான் நிற்கும், அந்த இடத்தைப் பெரிதாக்க ஒரு நாள் கேட்டு வாங்குவோம் என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னையே பார்த்தார். கோபமில்லை. கணக்கு டீச்சர் தப்பாகப் போட்ட கணக்கை ஒரு பிள்ளை எழுந்து காட்டினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"வித்த பொருள்ல கொறைன்னு நாமளே போய்ச் சொல்லுவமா தாயி? நாளைக்கு மில்லுல வாயத் தொறக்காத, வேலைய மட்டும் பாரு."

இரண்டு மணி ஷிப்ட்

வெள்ளிக்கிழமை துணைக்கு என்று அண்ணன் பிரபுவையும் அனுப்பினார். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்று. டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ காலையில் சரி என்று அமுக்கியிருக்கிறார்கள். கறுப்புத் திரை. விரல் ரேகை மெஷின் அதில்தான் வருகையைப் பதியும். இரண்டு மணி ஷிப்ட்டுக்கு மில் பஸ் வந்துவிட்டால், பதிய முடியாமல் அத்தனை பேரும் கேட்டில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் லேட் விழும். என் அக்காவும் இன்னொரு மில்லுக்கு இப்படி பஸ்ஸில் போகிறவள்தான். லேட் விழுந்த நாளில் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கத்துவாள்.

பழசில் எழுப்பினேன். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டு இன்னொரு பழசை மட்டும் அழித்தேன். புதுசை முழுதாக இறக்கி, இறங்கிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்து, அப்புறம்தான் ரீஸ்டார்ட். எழுந்தது. மணி ஒன்று ஐம்பது. பஸ் ஹாரன் கேட்டது. முதல் ஆளாக ஒரு அக்கா வந்து விரலை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. அந்த வாரத்தில் நான் மூச்சு விட்டது அப்போதுதான். இந்த வேலை எனக்கு வரும், எனக்கே தெரிந்தது.

டைம் ஆபீஸைப் பார்க்கிற தனலட்சுமி மேடம், "இனிமே இப்படி ஆகாதுல்ல?" என்று கேட்டார்.

பிரபு எனக்கு முன்னால் சொன்னான்: "ஆகாது மேடம். வைரஸ் புகுந்திருச்சு, கிளீன் பண்ணியாச்சு."

வைரஸ். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வெளியே பஸ்ஸிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆகும் மேடம்," என்றேன். "மிச்சம் பதிமூணுலயும் ஆகும். வைரஸ் இல்ல, நாங்க டிஸ்க்கப் பிரிச்ச விதம் தப்பு. ஒரு நாள் குடுத்தா எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்."

மேடம் என்னைப் பார்த்தார், பிரபுவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். குரலில் பிரியம்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

"நீ நல்ல புள்ளதாம்மா, ஆனா பயமுறுத்துற மாதிரி பேசுற. அடுத்த மாசத்துல இருந்து தம்பியவே வரச் சொல்லு, அவரு தைரியமாச் சொல்றாரு."

அடுத்த மாதத்திலிருந்து மில்லுக்குப் பிரபு போகிறான். நான் கடையில் உட்கார்ந்து அதே டிஸ்க்கை அடுத்த மெஷினுக்குக் காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன், எழுபத்திரண்டு சதவீதம் முடிந்துவிட்டது.