சிக்கு விழுந்த நாய்

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விட்டுப் போன நாய் அது. யார்க்ஷயர் டெரியர் என்றார்கள். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். உடம்பெல்லாம் பட்டு போல நீள முடி. தினமும் சீவாவிட்டால் சிக்கு விழும். ஷிப்ட் முடிந்து வந்ததும் என் கணவர் அதை மடியில் போட்டுச் சீவுவார். அளவுதான் சின்னது. கன்டெய்னர் லாரி போனாலும் வாசலில் நின்று அதட்டும்.

ஒருநாள் ஷிப்டிலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். நான் சமைத்தேன், நாய்க்கு வைத்தேன், படுத்தேன். அதன் முடி கம்பளி போலத் திரண்டுகொண்டு வந்தது. பார்த்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, கண்ணே தெரியல அதுக்கு. காதாண்ட புண்ணு வேற. கெளம்பு, பொன்னேரி டாக்டராண்ட இட்டுக்கினு போலாம்.”

கட்டைப்பையில் வைத்து ரயிலில் கொண்டுபோனோம். கால்நடை டாக்டர் முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“சீவ முடியாதும்மா. இழுத்தா தோல் பிஞ்சிடும். மொத்தமா எடுத்துடலாம்.”

மெஷினை ஓட்டினார். முடி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே எலிக்குஞ்சு போல ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது.

“யாரு இத பாத்துக்கறது?”

“எங்க ஊட்டுக்காரரு,” என்றேன்.

“தெனமும் சீவச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

பக்கத்து வீட்டுப் பெண் என்னையே பார்த்தாள்.

வெளியே ஒரு பெரிய தெருநாய் படுத்திருந்தது. எங்கள் நாய் பையிலிருந்து எகிறிக் குதித்து அதன் முகத்துக்கு நேரே போய் நின்று குரைத்தது. முடியில்லாத உடம்பு குலுங்கியது. தெருநாய் எழுந்து பல்லைக் காட்டியது.

“வேணாண்டா, வந்துடுடா!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போன பிறகு நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

தெருநாய் சோம்பலாக நகர்ந்தது. இதை அள்ளி எடுத்தபோது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. அது தெரிந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

முடி மறுபடி வளர்ந்திருக்கிறது. இப்போது நான்தான் சீவுகிறேன். கை தன்பாட்டுக்குச் செய்கிறது. முன்னங்கால் இடுக்கில் சீப்பு பட்டால் உறுமும். அங்கே மட்டும் விரலால் பிரிக்க வேண்டும். இந்த ஊர் வெயில் அதற்கு ஆகாது. மதியத்தில் தரையில் ஈரத்துணி விரித்தால் வந்து படுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.